பத்தர் குலுக்கிய கொலுசு

ரஹ்மத்தின் கொலுசில் மணியெல்லாம் உதிர்ந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். ஒன்றரை வயதுப் பிள்ளை, ஓர் இடத்தில் இருக்கமாட்டாள். அடுப்படியில் நிற்கும்போது அவள் எந்தப் பக்கம் போகிறாள் என்று தெரிவதற்காகவே மணி வைத்த கொலுசு போட்டிருந்தேன். அன்றைக்கு அவள் பின்வாசல் தாண்டி, கருவேல முள் வெட்டிப் போட்டிருந்த இடம் வரைக்கும் போயிருக்கிறாள். எனக்கு ஒரு சிணுங்கல்கூடக் கேட்கவில்லை. கொலுசு செய்து கொடுத்த பத்தர் ராஜகுருவை மனசுக்குள் திட்டிக்கொண்டே, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பரளச்சியில் பஸ் ஏறினேன்.

அந்தக் கோடை முழுக்க எனக்கு அரைத் தூக்கமாகவே போய்க்கொண்டிருந்தது. பஸ் பஞ்சு மூட்டைக்குள் ஓடுவதுபோல் ஓடியது. வெளியே கரிசல் காடு வெயிலில் நெளிந்தது. கம்பியில் உட்கார்ந்திருந்த குருவி வாயைத் திறந்து திறந்து மூடியது. எல்லாம் ஊசியின் அசதி என்று இருந்துவிட்டேன். எனக்கு வந்தது சாதாரண மருந்துக்கு அடங்காத டி.பி. புது மாத்திரை ஒன்று இதயத்துக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று, பழைய அமிகாசின் ஊசியைப் போட்டார்கள். அது கிருமியை, தனக்குள் இருக்கும் குறிப்பையே தப்புத்தப்பாகப் படிக்க வைக்குமாம். தனக்கு வேண்டியதைக் கோணல்மாணலாகச் செய்துகொண்டு கிருமி செத்துப்போகுமாம். நர்ஸ் சத்யபிரியா இதைச் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்தது, பத்தாம் வகுப்பில் நானும் அப்படிப் படித்துத்தான் பெயிலாகிப் போனேன்.

ஊசி வேலை செய்தது. இருமல் நின்றது. சளியில் கிருமி இல்லை என்ற பிறகுதான், நசீமா அக்கா வீட்டில் விட்டிருந்த பிள்ளையை என் மடிக்குக் கொண்டுவந்தார்கள். முதல் நாள் என்னைப் பார்த்து மிரண்டு அழுதாள். அழுதாலும் என் மடியில் அழுகிறாளே என்று சந்தோஷப்பட்டேன்.

கடையில் பத்தர் கொலுசை வாங்கிக் குலுக்கினார்.

"ஏம்மா, ஒரு மணிகூட விழுகலயே. சத்தம் நல்லாத்தான வருது?"

மறுபடியும் குலுக்கினார். மணிகள் ஆடுவதைப் பார்த்தேன். பத்தர் பேசியது கேட்டது, மின்விசிறி கேட்டது, ரோட்டில் போன லாரி கேட்டது. என் இடுப்பில் இருந்த ரஹ்மத் சட்டென்று திரும்பிக் கொலுசுக்குக் கை நீட்டினாள். அவளுக்குக் கேட்டிருக்கிறது. "சரிங்கய்யா" என்று வாங்கிக்கொண்டு இறங்கினேன்.

மறுநாள் திருச்சுழி ஆஸ்பத்திரியில் ஊசி. காதில் ஏதாவது என்றால் உடனே சொல்ல வேண்டும் என்று முதலிலேயே சொல்லியிருந்தார்கள். சொன்னால் ஊசியை நிறுத்துவார்கள். நிறுத்தி நோய் திரும்பினால் பிள்ளை திரும்பவும் அக்கா வீட்டுக்குப் போய்விடுவாள். சொல்லாவிட்டால் பிள்ளை மடியில் இருப்பாள், அவள் பேசுவதுதான் எனக்கு இல்லாமல் போகும். வழியெல்லாம் இதையே போட்டு உருட்டிக்கொண்டு வந்தேன். எனக்கு இரண்டும் வேண்டும்.

"காது எப்படி இருக்கு தஸ்லீமா?" என்றாள் சத்யபிரியா.

நல்லா இருக்கு என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். பின்வாசலில் முள்ளுக்கு ஒரு சாண் தள்ளி நின்ற அந்தச் சின்னப் பாதம் கண்ணுக்குள் வந்தது.

"பிள்ளை கொலுசு கேக்க மாட்டேங்குது, சிஸ்டர்."

அவள் மருந்து ஏற்றிய ஊசியைத் தட்டில் திரும்ப வைத்தாள்.

"மெல்லிசுச் சத்தந்தான் மொதல்ல போகும். காதுக்குள்ள சத்தத்தப் பிடிக்கிற பொடி முடி இருக்கு. மருந்து அங்கன போயி தங்கிரும். போன முடி மொளைக்காது."

"நிறுத்துனா மிச்சம் நிக்குமா?"

"நிக்கலாம். நிறுத்துன பெறகும் கொஞ்சம் போகலாம். டாக்டரு காது டெஸ்டு பாத்துட்டு வேற மருந்து மாத்துவாரு."

"இருமல் திரும்பி வந்துட்டா?"

"வராமப் பாப்போம்" என்றாள்.

திரும்பும் பஸ்ஸில் ரஹ்மத் என் மடியில் எழுந்து நின்று, கழுத்தைக் கட்டிக்கொண்டு, காதில் வாயை வைத்து ஏதோ சொன்னாள். சூடான மூச்சும் கொஞ்சம் எச்சிலும் பட்டது. பக்கத்து சீட்டில் இருந்த ஓர் அம்மா அதைக் கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். என்ன சொன்னாள் என்று அவரிடம் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. முகத்தைத் திருப்பி, மறு காதை அவள் வாயருகே கொண்டுபோனேன்.