நடுமுற்றத்தைப் பார்த்த ஜன்னல்

என் மகள் நவோமி தொலைபேசியில் கேட்டுக்கொண்டது ஒன்றே ஒன்றுதான்.

"அப்பா, ரெண்டு நாள்தான். ஒண்டும் பிழையாச் செய்யாதேங்கோ, ப்ளீஸ்."

பிழை விடாமலிருக்க எனக்கு ஒரு வழிதான் தெரியும்: ஒன்றுமே செய்யாமலிருப்பது. அதிலும் பிழை விடலாம் என்று அப்போது தெரியவில்லை.

விபோர்க் என்ற டேனிஷ் நகரிலிருந்து கொஞ்சம் தள்ளி, வயல்களுக்கு நடுவே ஒரு பழைய பண்ணைவீடு. நாலு பக்கமும் கட்டடம், நடுவில் முற்றம். அதை வாங்கிய நஜாத் என்ற மொரோக்கோ அம்மா, முற்றத்துக்குக் கண்ணாடிக் கூரை போட்டு, நீல ஓடு பதித்து, நீரூற்றும் வைத்துத் தன் ஊர் முறையில் விருந்தினர் விடுதியாக்கியிருந்தார். அவருடைய மகன் இல்யாஸைத்தான் நவோமி கட்டப்போகிறேன் என்கிறாள். எங்கள் வீட்டுச் சண்டையும் சபையின் கண்ணீர் ஜெபமும் முடிந்து, நாங்கள் சம்மதித்துவிட்டோம். நஜாத்தான் இன்னும் வாய் திறக்கவில்லை. "முதலில் வந்து என் வீட்டில் தங்கட்டும்" என்றாராம். சோதனை என்று சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை. பிரெடெரிசியாவில் எங்கள் வீட்டிலிருந்து வந்த வழி முழுக்க, நவோமி சொன்னதையே முணுமுணுத்துக்கொண்டு கார் ஓட்டினேன்.

நஜாத் புதினாத் தேநீர் ஊற்றித் தந்து, டேனிஷில் கேட்டார். "இரவுச் சாப்பாடு செய்யட்டுமா?"

முறை என்று ஒன்றிருக்கிறதே. "ஐயோ, வேண்டாம். உங்களுக்கு ஏன் கரைச்சல்?" என்றேன்.

யாழ்ப்பாணத்தில் என்றால் அடுத்த வசனம், "அதென்ன கரைச்சல், இருங்கோ!" நஜாத் என் முகத்தை ஒரு கணம் பார்த்தார். "சரி" என்றார். போய்விட்டார்.

ஒருதரம் வேண்டாமென்றால் திரும்பக் கேட்காத இந்த நாட்டில் இப்படி நான் இழந்த கேக்குகளை வைத்து ஒரு பேக்கரி நடத்தலாம். ஆனால் மொரோக்கோக்காரர் விடமாட்டார், கட்டாயம் திரும்பக் கூப்பிடுவார் என்று நம்பினேன். நம்பி, என் சீனி வருத்தத்துக்கான இன்சுலின் ஊசியையும் போட்டுக்கொண்டேன்.

கூப்பிடவில்லை. ஊசி போட்டுச் சாப்பிடாததில் சீனி இறங்கி, கை நடுங்கத் தொடங்கியது. அறையில் கிண்ணத்தில் வைத்திருந்த பேரீச்சம்பழங்களை விழுங்கினேன். நடுக்கம் கொஞ்சம் அடங்கியது. பயம் அடங்கவில்லை.

"இப்ப போய்க் கேட்டா என்ன?" என்றாள் மனைவி கிருபாமலர்.

"வேண்டாமெண்டு சொல்லிப்போட்டு எப்பிடிக் கேக்கிறது? பிச்சைக்காரர் எண்டு நினைக்கமாட்டினமே?"

அவள் சூட்கேஸைத் திறந்தாள். உடுப்புகளுக்கடியில் ரைஸ் குக்கர்.

"இதென்ன மலர்?"

"உங்கட குணம் தெரிஞ்சுதானே கொண்டந்தனான்!"

சோறு கொதித்தது. வீட்டிலிருந்து கொண்டுவந்த நெத்தலிக் கருவாட்டுக் குழம்பை ஒரு சின்ன ஏதனத்தில் ஊற்றிக் குக்கரின் மேல் தட்டில் வைத்தாள். ஆவி பட்டதும் அறை முழுக்க யாழ்ப்பாணத்துக் கடற்கரை.

"ஜன்னலைத் திறவுங்கோ, மணம் வெளியில போகட்டும்."

திறந்தேன். வெளியே என்று ஒன்றில்லை. அவர்கள் முறையில் வீடு உள்ளே பார்த்துத்தான் இருக்கும். எங்கள் மாடி அறையின் ஒரேயொரு ஜன்னலும் முற்றத்தைப் பார்த்தது. கீழே தேநீர் குடித்துக்கொண்டிருந்த, விடுதியில் தங்க வந்த டேனிஷ் பெண் ஒருத்தி நிமிர்ந்தாள். பிறகு தன் சப்பாத்தின் அடியைத் திருப்பிப் பார்த்தாள்.

படாரென்று சாத்தினேன். "மகளின்ர கலியாணம் இந்தக் கருவாட்டோட முடிஞ்சுது" என்றேன். யாரோ படியேறினார்கள். கிருபாமலர் குக்கரைத் துவாயால் போர்த்தினாள். துவாய்க்குள்ளிருந்து ஆவி வந்தது.

கதவில் நஜாத். கண் சிவந்திருந்தது.

"உங்களுக்குப் பசியா?"

நான் துவாயைப் பார்த்தேன். துவாய் புகைந்தது.

"மத்தியானத்திலிருந்து கோழி அடுப்பில் இருக்கிறது. நீங்கள் வேண்டாம் என்றதும் என் சமையல் பிடிக்கவில்லை, என் பிள்ளையையும் பிடிக்கவில்லை என்று நினைத்தேன். குசினிக்குள்ளேயே இருந்துவிட்டேன்."

"இல்லையில்லை! நீங்கள் இரண்டாம் தரம் கேட்பீர்கள் என்று..."

"நாங்கள் மூன்று தரம் கேட்கிற ஆட்கள்!" நஜாத்துக்குக் குரல் உயர்ந்தது. "இல்யாஸ்தான், 'அம்மா, வற்புறுத்தாதே, பிழை ஒன்றும் விட்டுவிடாதே' என்று காலையிலிருந்து ஃபோனில்."

எனக்குச் சிரிப்பு வந்தது. அழுகையும் வந்தது. எதை முதலில் விடுவதென்று தெரியாமல் இருமினேன்.

நஜாத் மூக்கைச் சுருக்கினார். "அது என்ன?"

"காய்ந்த மீன்" என்றாள் கிருபாமலர், கொலையை ஒப்புக்கொள்வதுபோல.

"அதையும் கீழே கொண்டுவாருங்கள்."

முற்றத்து மேசையில் எலுமிச்சை ஊறுகாய் போட்ட கோழி மண்சட்டியோடு இருந்தது. பக்கத்தில் எங்கள் குக்கர், துவாயில்லாமல். நஜாத் கருவாட்டுக் குழம்பை வாயில் வைத்து, கண்ணீர் வழிய, திரும்பவும் கரண்டியை விட்டார். என் பீங்கானில் கோழிக்கால் ஒன்று விழுந்தது. யாரும் என்னிடம் கேட்கவில்லை.

பிறகு நஜாத் வாயைத் துடைத்துக்கொண்டு கேட்டார். "கல்யாணச் சாப்பாட்டை நான் சமைக்கட்டுமா?"

"ஐயோ, உங்களுக்கு ஏன்..."

மேசைக்கடியில் கிருபாமலரின் குதிக்கால் என் பாதத்தில் இறங்கியது.

"ஓம்!" என்று தலையாட்டினேன், டேனிஷை மறந்து.