ஒன்றரை மடங்கு வேகம்

“வேகத்தக் கூட்டாதடி. எல்லாம் ரயிலைப் பிடிக்க ஓடுறவன் மாதிரி பேசுறானுங்க.”

பிரையனி ஃபோனிலிருந்து விரலை எடுத்தாள். கண் மூடியிருந்த அப்பா தூங்குகிறார் என்று நினைத்துத்தான் ஒலிப்புத்தகத்தை ஒன்றரை மடங்கு வேகத்துக்கு மாற்றியிருந்தாள். கதை முடிய மூன்று மணி நேரம் இருந்தது. அப்பாவுக்கு அவ்வளவு நேரம் இருக்காது என்று நர்ஸ் மொரீன் காலையிலேயே சொல்லியிருந்தாள். ஷெஃபீல்டின் இந்தக் கடைசிக்கால இல்லத்தில் இருபது வருடமாக வேலை பார்ப்பவள்.

“முடிவு தெரிய வேணாமாப்பா உனக்கு?”

“தெரியணும். அதுக்காக டிரம்ஸ் வாசிச்சவன்கிட்டயே தாளத்த ஓட்டுவியா? வெக்கமா இல்ல?”

“கடைசி அத்தியாயத்த மட்டும் போடட்டா?”

“அது திருட்டுத்தனம்.”

அவள் பழைய வேகத்துக்கே மாற்றினாள். ஒரு ராக் இசைக்குழுவைப் பற்றிய நாவல். ஆளுக்கொரு நடிகர் பேசியிருந்தார்கள். ஆறு நாள் கேட்டதில் அவர்கள் கட்டிலைச் சுற்றி வந்து உட்கார்ந்துவிட்டது போலிருந்தது. பாடகி லோரா சன்னல் பக்கம். கிட்டார்க்காரன் கால்மாட்டில். டிரம்மர் டென்னிதான் இல்லை. கடைசிக் கச்சேரிக்கு முன்னால் சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டவன்.

“வருவான் பாரு,” என்றார் அப்பா.

“வரமாட்டான். கோழை.”

“ஏய். நானும் ஒருநாள் எங்க குழு வேன்லேர்ந்து இறங்கிப் போனவன்தான்.”

“அப்புறம் திரும்பிப் போனியா?”

அப்பா கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மொரீன் வந்து, பஞ்சுக் குச்சியைப் பீரில் நனைத்து அவர் காய்ந்த உதட்டில் தடவினாள். “எப்படி இருக்கு கிளைவ்?”

“நுரையே இல்ல.”

அதன்பிறகு அவர் பேசவில்லை. வெளியே மழை, எதிர்மலை வீடுகளை ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டு வந்தது. பிரையனி கட்டில் விளிம்பில் தலை சாய்த்திருந்தாள். யாரோ சிரித்தார்கள், கதைக்குள்ளா, நடைவழியிலா என்று தெரியவில்லை. கதையில் அரங்கு இருண்டது. கூட்டம் காலால் தரையைத் தட்டத் தொடங்கியது. அப்பாவின் மூச்சு ஒருமுறை வந்தது. அடுத்ததற்குக் காத்திருந்தாள். கூட்டம் தட்டிக்கொண்டே இருந்தது.

மொரீன் வந்து அவர் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தாள். பிறகு, இங்கே எல்லோருக்கும் செய்வதுபோல, போகிற உயிர் வெளியே போகட்டும் என்று சன்னலைத் திறந்துவிட்டாள். ஈரக்காற்று உள்ளே வந்தது.

“நிறுத்திடவா, கண்ணு?”

பிரையனி வேண்டாமென்று தலையசைத்தாள்.

மொரீன் கதவைச் சாத்திவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் கேட்டாள்.

“எல்லாரும் யாருக்காகக் காத்துக்கிட்டிருக்காங்க?”

“டிரம்மருக்கு. அப்பா வருவான்னார். நான் வரமாட்டான்னு சொல்லிட்டேன்.” பிரையனி தன் நாற்காலியை அவள் பக்கம் நகர்த்திக்கொண்டாள். “நீங்க சொல்லுங்க மொரீன், என்ன நினைக்கிறீங்க? வருவான்ல?”