உர்சுலாவின் கெலாடிக்கு அடி உரம்

மலேசியாவின் கிள்ளான் நகரில், தாமான் செம்பாக்கா குடியிருப்பில், பதினான்காம் எண் வீட்டு வாசலில் இருக்கும் கெலாடி என்ற வண்ணச்சேம்புச் செடி யாரையாவது பற்றிப் புறம் பேசினால்தான் இலை விடும். சிவப்பு இலையில் வெள்ளைப் புள்ளி தெளித்த அந்த ரகம் ஜெஞ்சாரோமுக்கு இந்தப் பக்கம் வேறு யாரிடமும் இல்லை. கல்யாணமான மாதத்தில் உர்சுலா அதைக் கிழங்காகக் கொண்டுவந்து நட்டாள். முப்பத்தோரு வருடம், தினமும் காலை ஏழு மணிக்கு, ஒரு கையில் குவளையைப் பிடித்து, மறு கையை இடுப்பில் வைத்து, அதனிடம் பேசினாள். செடியில் நாற்பது இலைக்குக் குறைந்ததில்லை. என்ன உரம் என்று கேட்டவர்களிடம் அரிசி களைந்த தண்ணீர் என்றாள். நம்பியவர்கள் தங்கள் செடிகளை அழுகவிட்டார்கள். அந்தச் செய்தியும் மறுநாள் காலை கெலாடிக்குப் போய்ச் சேர்ந்தது. இரண்டு இலை கூடியது.

உர்சுலா இறந்த நாற்பதாம் நாள் செடியில் ஒரே ஒரு இலை மிஞ்சியிருந்தது. அவள் கணவர் வாலண்டைன் ரயில்வேயில் சிக்னல் பார்த்து ஓய்வு பெற்றவர். பச்சை, சிவப்பு தவிர வேறு கருத்துச் சொல்லிப் பழக்கமில்லாதவர். புடவைகளை நாத்தனார்களும் நகைகளை மகளும் மிகுந்த துக்கத்தோடு பங்கிட்டுக்கொண்டு போன பிறகு, மனைவியின் பேரில் அவருக்கு மிஞ்சியது அந்தத் தொட்டிதான். அது போனால் உர்சுலா இரண்டாம் முறை சாவாள் என்று நினைத்து, காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றினார். பக்கத்து வீட்டுச் சீதாலெட்சுமி மதிலுக்கு மேலே தலையை நீட்டினாள்.

"தண்ணி மட்டும் ஊத்துனா பத்தாதுண்ணே. பேசணும்லா."

"என்ன பேசறது?"

"அடுத்தவங்களப் பத்தி. ஆனா நல்லதா எதுவும் சொல்லிடாதீங்க."

பஸ் எங்கே நிற்கும் என்று வழி சொல்பவளைப்போல அவள் இதைச் சொன்னாள். வாலண்டைன் முதலில் அமைச்சர்களைத் திட்டிப் பார்த்தார். செடி அசையவில்லை, பேப்பரிலேயே வருவதை இன்னொரு தரம் கேட்க அதற்கு என்ன தலையெழுத்து? பிறகு வெட்கத்தை விட்டு, பதினாறாம் எண் சுகுமாறன் அடுத்தவர் வாசலை மறித்துக் காரை நிறுத்திவிட்டு வாட்ஸ்அப்பில் தினமும் ஒழுக்கம் பற்றி அனுப்புவதைச் சொன்னார். மதியத்துக்குள் ஒரு இலை சுருள் பிரிந்தது.

சனிக்கிழமை அவர் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனார். புறணி பேசினேன் என்றார்.

"பலன் உண்டா?" என்றார் ஃபாதர் பிரையன். அவருடைய மாடி முழுக்கத் தொட்டிகள்.

"ரெண்டு இலை, ஃபாதர்."

தடுப்புக்கு அந்தப் பக்கம் ஃபாதர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். "பத்து அருள்நிறை மரியே சொல்லுங்க. கிழங்கு பிரிச்சா, எனக்கு ஒன்னு எடுத்து வைங்க."

ஞாயிறு காலை வாலண்டைன் இதையும் செடியிடம் சொன்னார். மூன்று இலை.

ரவாங்கிலிருந்தும் செராஸிலிருந்தும் செடிப் பைத்தியங்கள் நோட்டுப் புத்தகத்தோடு வந்தார்கள். உரம் இன்னதென்று கேட்டு அவர்களில் ஒருவரும் ஆச்சரியப்படவில்லை. வாழைப்பழத் தோல், பீர், வீணைக் கச்சேரி எல்லாம் கொடுத்துப் பார்த்தவர்கள்; இதுவோ ஒவ்வொரு வீட்டிலும் தாராளமாகக் கிடைக்கும் பொருள். ரவாங் லோகன் வாங்கிப்போன கிழங்கு, குடும்ப வாட்ஸ்அப் குழுவின் குரல் பதிவுகளை மட்டுமே கேட்டு, ஒரே மாதத்தில் ஜன்னலை மறைத்துவிட்டது.

ஆனால் தாமான் செம்பாக்கா சின்ன இடம். தவிர, கெலாடிக்குச் சொன்னதெல்லாம் சீதாலெட்சுமிக்கும் கேட்டது. சுகுமாறன் வணக்கம் சொல்வதை நிறுத்தினார். மாதா கோயில் பாடகர் குழு வீட்டுப் பக்கம் வருவதில்லை. யாரும் வராததால் வாலண்டைனுக்குப் புதுச் செய்தி வரவில்லை. பழையதையே திருப்பிச் சொன்னபோது இலைகள் ஒவ்வொன்றாகப் பழுத்தன. ஆகஸ்டில் மறுபடி ஒரே இலை.

"என்கிட்ட இனிமே ஒன்னுமில்லம்மா," என்றார் மதிலைப் பார்த்து.

சீதாலெட்சுமி கொஞ்சம் தயங்கினாள். அவளைப் பொறுத்தவரை அதுவே ஓர் அதிசயம். "ஊர்க்கதையெல்லாம் அக்கா சும்மா மேலாப்புல தூவறதுண்ணே. அடி உரம் நீங்கதான்."

"நானா?"

"முப்பத்தொரு வருஷமா. குழம்பு நல்லாருக்கா இல்லையான்னு ஒருநாளும் சொல்ல மாட்டீங்களாம். கேமரன் மலைக்குப் போவோம்னு கேட்டதுக்கு 'பார்க்கலாம்'னீங்களாம். இன்னும் பாத்துக்கிட்டுத்தான் இருக்காருன்னு சொல்லிச் சொல்லிச் சிரிப்பாங்க."

வாலண்டைன் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். இரண்டு நாள் தண்ணீர் ஊற்றவில்லை. மூன்றாம் நாள் காலை ஏழு மணிக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலியோடு வெளியே வந்தார். கடைசி இலை தொட்டி விளிம்பில் துவண்டு கிடந்தது. அதன் எதிரே உட்கார்ந்தார்.

"உன் குழம்பு புளிப்பு," என்றார். "எப்பவுமே புளிப்பு. சொன்னா நீ அழுவேன்னுதான் வாயைத் திறக்கல. என்னோட ரயில்வே விசிலப் பழைய பேப்பர்காரன்கிட்ட போட்ட, அதையும் கேக்கல. சரி, போனியே, தண்ணி பில்லு எங்க இருக்கு, நீ போடற அந்தக் காப்பித்தூள் எந்தக் கடைன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போனியா? எனக்கு முன்னாடி போயிட்டல்ல. எல்லாத்துலயும் உனக்கு அவசரம்."

ஒன்பது மணி வரை பேசினார். முப்பத்தோரு வருடத்தில் அவர் பேசியதைக் கூட்டினாலும் அவ்வளவு வராது. மதிலுக்கு அந்தப் பக்கம் சீதாலெட்சுமி, தன் வாழ்நாளில் முதல் முறையாக, கேட்கக் கூடாதென்று எழுந்து உள்ளே போனாள். மதியத்துக்குள் ஏழு இலை.

அவர்களுடைய கல்யாண நாளன்று வாலண்டைன் தொட்டியைக் காரின் முன் இருக்கையில் வைத்து, பெல்ட் மாட்டி, கேமரன் மலைக்கு ஓட்டிப் போனார். தேயிலைத் தோட்டத்தின் முன்னால் நிறுத்திக் கண்ணாடியை இறக்கினார். குளிர் அடித்தது.

"இன்னைக்கு நீ அழகா இருக்க," என்றார்.

ஒரு இலை பழுத்து விழுந்தது.

"பாத்தியா, இதுக்குத்தான் நான் எதுவும் சொல்றதில்ல. இவ்ளோ தூரம் கூட்டிட்டு வந்தாலும் மூஞ்சியத் தூக்கி வெச்சுக்குவ."

புது இலை ஒன்று மெல்லச் சுருள் பிரிந்து அவர் பக்கம் திரும்பியது. பக்கத்துச் சாலையோரக் கடையில் ஸ்ட்ராபெரி விற்ற பெண் காருக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, ஒரு பெட்டியா, இரண்டா என்று கேட்டாள். இரண்டு என்றார் வாலண்டைன். புளிப்பானதாகப் பார்த்துப் போடச் சொன்னார்.