ஆயுத பூஜைப் பொரி

காளிராஜ் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். வேன் ஓட்டுகிறவனுக்கு ஓட்டுவதோடு நிற்க என்ன கேடு? பெட்டிகளை ஏற்றிக்கொண்டே கெக்கேபிக்கே என்று சிரித்தான்.

"யக்கா, ஆயுத பூஜையன்னைக்கு நீங்க லீவுல்லா? நம்ம அண்ணாச்சி பொரிய அள்ளி பிரஸ் மிஷின் மேல வீசுனாவ பாருங்க, பாதி பவுடர் தொட்டிக்குள்ள விழுந்துட்டு. பொறவு அவியளே குனிஞ்சு பொறுக்குனாவ."

பொன்மணி அவன் தூக்கிய பெட்டியைப் பிடித்து நிறுத்தினாள். "எல்லாத்தையும் பொறுக்கியாச்சா?"

"யாரு கண்டா?"

கோவில்பட்டிக்கு வெளியே, பருத்திக் காட்டை ஒட்டிய அந்தச் சின்னக் கம்பெனியில் சோதனைப் பிரிவு அவள் பொறுப்பு. அந்தத் தொட்டிப் பவுடரை அழுத்திச் சூளையில் சுட்ட பீங்கான் வளையங்கள்தான் இப்போது பெட்டிக்குள் இருப்பவை. ராக்கெட் இஞ்சினுக்குப் போகிறவை. முதலாளி இராமச்சந்திரன் நாயாய் அலைந்து வாங்கிய முதல் ஆர்டர். இன்றைக்குக் கிளம்பாவிட்டால் அது போட்டிக்கு நிற்கும் கோயம்புத்தூர்க்காரனுக்கு.

ஒரு பொரி போதுமே! சூளையில் அது எரிந்து போகும். இருந்த இடம் பொந்தாக நின்றுவிடும். வெளியே பார்த்தால் வழவழவென்று அழகு. இரும்பாவது கொஞ்சம் வளைந்து கொடுக்கும். பீங்கானுக்கு அந்தப் பழக்கமே கிடையாது. பொந்தின் ஓரத்தில் விரிசல் பிடித்தால் வளையம் இரண்டு துண்டுதான்.

அவள் இருப்புக்கொள்ளாமல் முதலாளியிடம் ஓடினாள். "அண்ணாச்சி, வேன நிறுத்துங்க. பவுடர்ல பொரி விழுந்துச்சாமே."

"அதான் பொறுக்கிட்டனே. எல்லா வளையமும் பாரம் தாங்கிச்சுன்னு நீதான சொன்ன?"

"இங்கன தாங்கிச்சு. இஞ்சின் சூட்டுலயும் அதிர்வுலயும் தாங்கணும்லா? உள்ள பொந்து இருந்தா இன்னைக்குத் தாங்குனது நாளைக்குத் தாங்காது."

"சாமிக்குப் போட்ட பொரி கெடுதல் பண்ணுமா ஏட்டி? போ, சோலியப் பாரு."

அவள் போகவில்லை. பூஜை முடிந்த கையோடு தானே அழுத்தியது என்று முதலாளி தனியாகக் குறித்து வைத்திருந்த வளையம் முதல் பெட்டியில் மேலாக இருந்தது. பொரி இருந்தால் அதில்தான் இருக்கும். எடுத்துச் சோதனை மிஷினில் வைத்தாள்.

"ஏய்! அது ராசியான பீஸு!"

பாரம் காட்டும் முள் வழக்கமான அளவைத் தாண்டியது. அவள் கையை எடுக்கவில்லை. பட்டென்று வளையம் உடைந்தது. துண்டுகளை லென்ஸுக்கடியில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஒரு பொந்தும் இல்லை. சுத்தம்.

"நல்ல வளையத்த ஒடைச்சிட்டியே, பாவி! இப்ப நிம்மதியா?"

அவமானத்தில் அவளுக்குக் கண் கலங்கியது. வேலை போனாலும் போகட்டும் என்று நிமிர்ந்தாள். "இல்ல அண்ணாச்சி. இதுல இல்லன்னா மத்ததுல இருக்கலாம். எதுலன்னு எனக்குத் தெரியல."

அவர் உடைந்த துண்டு ஒன்றை எடுத்துப் புரட்டிப் பார்த்தார். வெளியே காளிராஜ் ஹாரனை அடித்துத் தொலைத்தான்.

"ஸ்கேன் பண்ண எத்தன நாளாவும்?"

"பெங்களூருக்கு அனுப்பணும். பத்து நாளாவது ஆவும்."

"ஆர்டர் போயிரும்லா?"

"போயிரும்."

அவர் வாசலுக்குப் போனார். "ஏலே, பெட்டிய எறக்கு." காளிராஜ் புரியாமல் முழித்தான். "எறக்குலேங்கேன்!" அந்தக் குரல் உடைந்துபோயிருந்தது.

பொன்மணி ஓடிப்போய் முதல் பெட்டியின் மறுபக்கத்தைப் பிடித்தாள். முதலாளி அவள் முகத்தைப் பார்க்காமல் தன் பக்கத்தைத் தூக்கினார்.