ஐனாருக்குக் காய்ச்சல் இல்லை

காய்ச்சல் என்று சொல்லிவிட்டால் போதும். ஒரே ஒரு வார்த்தை. செத்துப்போனவருக்கு அதனால் என்ன குறைந்துவிடப் போகிறது?

ஹில்டா இப்படி நினைத்துக்கொண்டே காபியை ஊற்றினாள். எதிரே லோர்ன் உட்கார்ந்திருந்தார். இரண்டாம் உலகப் போரில் அவள் கணவர் ஐனார் இருந்த அதே கனடியக் குண்டுவீச்சுப் படையணியில் விமானம் ஓட்டியவர். இதே ஏரிக்கரை ஊரில் முப்பத்தெட்டு வருஷமாக இருந்தும் இந்த வீட்டுப் படி ஏறியது இன்றுதான். ஐனார் போய் இரண்டு குளிர்காலம் ஆகிவிட்டது.

மேசைமேல் ஒரு புகைப்படம். யார்க்‌ஷயர் விமானத்தளத்தில் எடுத்தது. விமானத்தின் முன்னால் ஏழு பையன்கள். ஓரத்தில் நிற்பது ஐனார், வால்பக்கத் துப்பாக்கிக்காரர்.

"இந்தக் குழுவோட படம் வேற யார்கிட்டயும் இல்ல, ஹில்டா. நம்ம படையணி வரலாறு புத்தகமா வருது. இது இல்லன்னா அந்தப் பக்கமே வெறிச்சுன்னு நிக்கும்."

"எடுத்துக்கோங்க."

"கீழ ஏதாவது எழுதணுமே. இதுல ஆறு பேர் குண்டு போடப் போன கடைசி ராத்திரி திரும்பி வரல. ஏழாவது ஆள் ஏன் போகலன்னு கேப்பாங்க. வந்ததும் சொன்னேனே, அன்னிக்கு அவனுக்குக் கடும் காய்ச்சல்னு போட்டுடறேன். இந்தக் காகிதத்துல நீங்க ஒரு கையெழுத்து போட்டா போதும்." ஒரு துண்டு கேக்கை வாயில் போட்டுக்கொண்டார். "இவ்வளவு நல்லா பண்றவங்க, இத்தனை வருஷம் கண்ணுலயே காட்டலியே."

"நீங்கதான் வரல."

லோர்ன் கோப்பையைக் கீழே வைத்தார். "வாஸ்தவம். இந்த நவம்பர் போர் நினைவு நாளுக்கு, மண்டபத்துல நடக்குற விருந்துக்கு வாங்க. என் வீட்டுக்காரி நோரா, உங்க நாற்காலிய தன் பக்கத்துலயே போடச் சொல்லிட்டா."

ஒவ்வொரு நவம்பரிலும் அந்த மண்டபத்தைத் தாண்டித்தான், அழைப்பு இல்லாமல், அவள் வீடு திரும்புவாள். உள்ளே பெண்கள் சிரிக்கும் சத்தம் தெருமுனைவரை கூடவே வரும்.

கல்யாணமான முதல் குளிர்காலத்தில் ஐனார் சொன்னார். உறைந்த ஏரியில் மீன்வலை எடுக்கப் போகும்போது, சறுக்குவண்டியில் பின்பக்கம் பார்த்து உட்கார்ந்தபடி, அவள் முகத்தைப் பார்க்காமல். அந்தக் கடைசி ராத்திரி விமானம் கிளம்பும் நேரத்தில், பூட்ஸைக் கையில் பிடித்துக்கொண்டு கட்டிலிலேயே உட்கார்ந்துவிட்டாராம். என்னால் முடியாது என்றாராம்; அவருக்குப் பதிலாக டூலன் என்ற பையனை ஏற்றி அனுப்பினார்களாம். கோழை என்று சொல்லி, எல்லோர் முன்னாலும் சட்டையிலிருந்து விமானப்படைச் சின்னத்தைப் பிய்த்து எடுத்தார்களாம். அதற்குப் பிறகு அதைப் பற்றி அவர் வாய் திறக்கவில்லை. அவளும் கேட்கவில்லை. அவர் அவளிடம் மட்டும் கொடுத்தது அது ஒன்றுதான்.

"டூலன் பேரு எங்க வரும்?" என்றாள்.

"எந்த டூலன்?"

"இவருக்குப் பதிலா போன பையன். பத்தொம்பது வயசு."

"ஓ, அவனா. செத்தவங்க பட்டியல்ல இருப்பான். படத்துலதான் இல்லையே."

ஹில்டா பேனாவின் மூடியைத் திறந்தாள். நோராவின் பக்கத்து நாற்காலி கண்முன் வந்தது. முதுகுப்பக்கம் வெதுவெதுப்பாகக் கூடத் தோன்றியது.

"உள்ளத எழுதினா என்ன?"

"யோசிச்சுப் பேசுங்க. அப்புறம் நோராவே உங்க பக்கத்துல உக்கார மாட்டா."

அவள் பேனாவை மூடினாள். காகிதத்தை மடிக்காமல் அவர் பக்கம் நகர்த்தினாள்.

"படத்த எடுத்துட்டுப் போங்க, லோர்ன். அவருக்கு அன்னிக்கு உடம்பு நல்லாத்தான் இருந்தது. நான் கையெழுத்து போடல."