இந்த வாரச் சொல்

மலேசியாவின் ஷா ஆலமில் உள்ள அந்த பிஸ்கட் தொழிற்சாலையில் திங்கட்கிழமை காலை என்றால் முதலில் ஆங்கிலம், அப்புறம்தான் பிஸ்கட். எச்.ஆர். அதிகாரி குருவின் ஏற்பாடு அது. வெள்ளைப் பலகையில் வாரம் ஒரு சொல் எழுதுவான். ஒவ்வொரு லைனின் லீடரும் முன்னால் வந்து அந்தச் சொல்லை வைத்து ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும். சொன்னவருக்குக் கைதட்டலும் உடைந்த பிஸ்கட் ஒரு பாக்கெட்டும் கிடைக்கும். உடையாத பிஸ்கட் கொடுத்தால் கம்பெனி மூழ்கிவிடும் அல்லவா?

அந்த வாரச் சொல் ‘அக்கவுண்டபிள்’. மூன்றாம் லைனின் லீடர் இராஜம்மா. முதல் நாளே வாட்ஸ்அப்பில் சொல் வந்ததும் போனில் அர்த்தம் தேடினாள். ‘பொறுப்பு’ என்று வந்தது. அவளுக்கு அந்தச் சொல் ரொம்பப் பிடித்துப்போயிற்று. பொறுப்பானவள் என்று யாராவது சொன்னால் போதும், முழங்கால் வலிகூட அவளுக்கு மறந்துவிடும். கிள்ளானிலிருந்து வரும் பஸ்ஸில் முணுமுணுத்துக்கொண்டே வந்து, “ஐ ஆம் அக்கவுண்டபிள் ஃபார் லைன் த்ரீ” என்று தடுமாறாமல் ஒப்பித்தாள். குரு “வெரி குட், அக்கா” என்றான். மேனேஜர் வாசுகூடக் கை தட்டினார்.

புதன்கிழமை மூன்றாம் லைனில் வேலை செய்த ஷாமினியின் வலது கையை மெஷின் இழுத்துக்கொண்டது.

பாக்கெட்டை ஒட்டும் உருளைக்கு மேல் ஒரு மூடி இருக்க வேண்டும். அது இருந்தால் கை உள்ளே போகாது. ஆனால் பிஸ்கட் தூள் அடைத்து லைன் அடிக்கடி நின்றது. ஹரி ராயா பெருநாள் ஆர்டர் வேறு கழுத்தை நெரித்தது. போன மாதம் வாசுவே வந்து நின்று, “மூடியக் கழட்டிப் போடுங்க, ராயா முடிஞ்சதும் மாட்டிக்கலாம்” என்றார். இராஜம்மா வேண்டாம் என்றாள். “நான் சொல்றேன்லா, கழட்டுங்க” என்றார் அவர். மெக்கானிக் ஹாசிம் கழற்றிக் கொண்டுபோய் ஸ்டோரில் சாத்தினான். லைன் மொத்தமும் பார்த்துக்கொண்டிருந்தது. ஷாமினி வேலைக்குச் சேர்ந்தது அதற்குப் பிறகுதான். அப்படி ஒரு மூடி இருந்ததே அந்தப் பெண்ணுக்குத் தெரியாது.

இரண்டு விரல்கள் போயின.

மறுநாள் விசாரணை. மேசைக்கு அந்தப் பக்கம் வாசு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் லேப்டாப்போடு குரு. ஆஸ்பத்திரியிலிருந்து நேராக வந்திருந்த இராஜம்மாவுக்குக் கண் எரிந்தது, தலை சுற்றியது.

“அக்கா, ஹூ இஸ் அக்கவுண்டபிள் ஃபார் லைன் த்ரீ?” என்று கேட்டான் குரு.

கேள்வி காதில் விழுந்ததுதான் தாமதம், திங்கட்கிழமை மனப்பாடம் தானாக வாயில் வந்துவிட்டது. “ஐ ஆம் அக்கவுண்டபிள் ஃபார் லைன் த்ரீ.” குரு அதை லேப்டாப்பில் தட்டினான். வாசு தலையாட்டினார். மூடியைப் பற்றி அவள் பேச வாயெடுத்தபோது, “அது போதும்கா” என்று குரு லேப்டாப்பை மூடிவிட்டான்.

வெள்ளிக்கிழமை அவனே அவளைக் கூப்பிட்டான். “மூடிய எடுத்தது உங்க முடிவுன்னு மேனேஜ்மெண்ட் சொல்லிருச்சு. நீங்களே அக்கவுண்டபிள்னு ஒத்துக்கிட்டீங்க. திங்கக்கிழமை வந்து பாஸ் கார்டக் குடுத்துட்டுப் போயிருங்க.” சொல்லும்போது முகத்தைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அவள் என்ன செய்திருப்பாளோ.

அன்றே யாரோ ஷாமினியின் வீட்டுக்கும் போன் போட்டு ஓதிவிட்டார்கள். சனிக்கிழமை ஆரஞ்சுப் பழங்களோடு கிள்ளான் ஆஸ்பத்திரிக்குப் போன இராஜம்மாவை ஷாமினியின் அம்மா மலர் வாசலிலேயே மறித்தாள்.

“நீங்களாக்கா கழட்டுனீங்க? ஒங்கள நம்பித்தானே எம்பொண்ண அங்க அனுப்புனேன்?”

வேலை போனது இராஜம்மாவுக்கு அவ்வளவாக வலிக்கவில்லை. இது வலித்தது. அந்த இரண்டு விரல்களின் பழியையும் அவள் பெயரில் எழுதிவிட்டார்கள். செய்தவன் ஏசி அறையில் தேத்தாரே டீ குடித்துக்கொண்டிருக்கிறான், அவள் வாசலில் திருடி மாதிரி நிற்கிறாள்.

உள்ளே கட்டிலில் கிடந்த ஷாமினிதான், “வரட்டும்மா” என்றாள். கட்டுப் போட்ட கை தலையணை மேல் இருந்தது. இராஜம்மாவுக்கு வேறு எதுவும் கேட்கத் தோன்றவில்லை.

“அக்கவுண்டபிள்னா என்னம்மா? பொறுப்புதானே?”

“அதான், ஆனா அதுக்கு மேல ஆன்டி,” என்றாள் ஷாமினி சோர்வாக. “ஒங்க வேலைய நீங்க பாத்துக்கிறீங்க, அது ரெஸ்பான்சிபிள். அக்கவுண்டபிள்னா, தப்பு நடந்துச்சுன்னா யாரோட முடிவுன்னு கேப்பாங்க. அவங்க முன்னால வந்து நின்னு பதில் சொல்லணும்.” கட்டுப் போட்ட கையைப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: “யாரோட முடிவு ஆன்டி?”

“வாசு.”

“இப்ப சொல்றீங்க,” என்றாள் மலர். “அங்க ஏன் சொல்லல?”

இராஜம்மா ஆரஞ்சுப் பையை மேசையில் வைத்துவிட்டு வந்துவிட்டாள். வழியெல்லாம் குருவைத் திட்டினாள், வாசுவைத் திட்டினாள், அர்த்தம் சொன்ன போனைத் திட்டினாள். உடைந்த பிஸ்கட்டுக்காகப் பல்லைக் காட்டிய தன்னைத்தான் அதிகமாகத் திட்டினாள்.

திங்கட்கிழமை பலகையில் புதிய சொல் இருந்தது. ‘டீம்வொர்க்’. அதைப் பார்த்ததும் இராஜம்மாவுக்குச் சிரிப்புக்கூட வரவில்லை. கதவருகே நின்று மலருக்குப் போன் போட்டாள். “ஒண்ணும் பேச வேணாம், கேட்டுக்கிட்டு மட்டும் இரு” என்று சொல்லிவிட்டு, இணைப்பைத் துண்டிக்காமல் போனைக் கையில் பிடித்தபடி எல்லாருக்கும் முன்னால் போய் நின்றாள்.

“அக்கா, நீங்க கார்டு மட்டும் குடுத்தா போதும்,” என்றான் குரு.

“போன வாரம் நான் தப்பாச் சொல்லிட்டேன். திருத்திட்டுப் போறேன்.”

அவள் வாசுவைப் பார்த்துத் திரும்பினாள்.

“மிஸ்டர் வாசு சே, ரிமூவ் தி கவர். ஐ சே நோ. ஹீ சே, ரிமூவ். மிஸ்டர் வாசு இஸ் அக்கவுண்டபிள் ஃபார் ஷாமினி ஃபிங்கர்.”

இலக்கணம் நொண்டியது. ஒருவரும் சிரிக்கவில்லை. வங்காளதேசத்துப் பையன்களுக்கும் மலாய்க்காரப் பெண்களுக்கும் புரிய வேண்டுமே என்று அதையே மலாயில் இன்னொரு தடவை சொன்னாள். அன்றைக்கு யார் யார் பார்த்தீர்கள் என்று கேட்டாள். பிறகு பின்வரிசையிலிருந்து ஹாசிம் கையைத் தூக்கினான். “நாந்தான் கழட்டினேன். அவருதான் சொன்னாரு.” அவனைப் பார்த்து மூன்றாம் லைனில் ஒவ்வொரு கையாக எழுந்தது.

“எல்லாரும் லைனுக்குப் போங்க,” என்றார் வாசு. ஒருவரும் அசையவில்லை.

குரு அவள் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினான். “அக்கா, ரிப்போர்ட் எழுதுனது நான், என்னை ஏங்கா மாட்டி விடுறீங்க? நானும் சம்பளத்துக்கு வேல செய்றவன்தானே?”

“ஷாமினியும்தான்,” என்றாள் இராஜம்மா.

போனைக் காதில் வைத்தாள். மலர் அழுதிருக்க வேண்டும், மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. ஆனால் பேசியபோது குரல் கல்லாக இருந்தது.

“அந்த ஆளு அங்கதான் நிக்கிறானாக்கா? போன அவன்கிட்ட குடுங்க.”

இராஜம்மா ஸ்பீக்கரை அழுத்தி, நடந்துபோய், வாசுவின் முகத்துக்கு நேராகப் போனை நீட்டினாள்.

“ஷாமினியோட அம்மா,” என்றாள். “பதில் சொல்லுங்க.”