தெற்குக் கடலில் ஒரு மலை

அன்று ஞாயிற்றுக்கிழமை அஸர் தொழுகைக்குப் பிறகு றோசாவின் வீட்டில் நாங்கள் நான்கு பேர் இருந்தோம். றோசா தரையில், பாயில், சுவரோடு முதுகைச் சாய்த்து. நான் ஜன்னலோரத்து மேசையில், கதிரையை வெளிச்சத்துக்குத் திருப்பிப் போட்டுக்கொண்டு. வள்ளக்காரர் முத்தலிபு நானா வாசலில். ஆம்பிளை இல்லாத வீடு என்று அவர் எப்போதும் கதிரையை முற்றத்து மணலில் போட்டு, கழுத்தை மட்டும் உள்ளே நீட்டுவார். நான்காவது ஆள் றோசாவின் தங்கை பிலோமினா. அவள் இருந்தது இத்தாலியில். இங்கே அவளுடைய இடம், சீனிப் போத்தலில் சாய்த்து வைத்த போன்.

பிலோமினா அங்கே ஒரு வயதான அம்மாவைப் பராமரிக்கிறாள். அந்த அம்மா முன்பு பள்ளிக்கூட ரீச்சர். இப்போது கண் தெரியாது. பகல் சாப்பாடு முடிந்து தூக்கம் வரும்வரை ஒரு பழைய கவிதையைப் பாடமாகச் சொல்லிக்கொண்டு கிடப்பாராம். அவர் தூங்கியதும் பிலோமினா எங்களுக்கு அழைப்பாள். கேட்டதைத் தமிழில் கதையாகச் சொல்வாள். ஏழு நூற்றாண்டுக்கு முன் அந்த நாட்டில் வாழ்ந்த ஒரு கவிஞர், செத்தவர்களின் உலகத்துக்கு உயிரோடு போய் வந்ததாகப் பாடியது அது. நரகம், பாவம் கழுவும் உத்தரிக்கிற ஸ்தலம், மோட்சம் என்று மூன்று பாகம். சொந்த ஊரிலிருந்து அவரைத் துரத்திவிட்டார்கள். கடைசிவரை திரும்பவே முடியவில்லை. வேறு வேறு ஊர்களில் இருந்துதான் எழுதினாராம். நானும் தொண்ணூறில் மன்னாரிலிருந்து துரத்தப்பட்டு வந்தவள். அந்த ஒரு விவரத்தைக் கேட்ட அன்றே எனக்கு அந்த மனிதரைப் பிடித்துவிட்டது.

எங்களைச் சேர்த்து வைத்தது கவிதை அல்ல. மூன்று வருஷத்துக்கு முன் முத்தலிபு நானாவின் வள்ளத்தில் இரண்டு பேர் கடலுக்குப் போனார்கள். ஒருவன் என் தம்பி ஸப்வான். மற்றவர் றோசாவின் கணவர் சந்தியோகு. வள்ளம் கவிழ்ந்தபடி கிடைத்தது. ஆட்கள் கிடைக்கவில்லை. ஸப்வானுக்குப் பள்ளிவாசலில் காயிப் ஜனாஸா தொழுதோம். மையித்து, அதாவது உடல், கண்ணுக்கு முன்னால் இல்லாதவருக்கும் தொழலாம் என்பது எங்களுக்கு உள்ள வழி. சந்தியோகுவுக்கு அப்படி ஒரு சடங்கும் நடக்கவில்லை. கார்த்திகை மாதம் முழுவதும் அவர்களுடைய கத்தோலிக்கக் கோயிலில் இறந்தவர்களின் பேரை வாசித்துப் பூசை வைப்பார்கள். அதற்காக ஐப்பசி முடிவதற்குள் ஒவ்வொரு வீட்டாரும் தங்கள் வீட்டு மௌத்துகளின் பேரைப் பாதிரியாரான சுவாமியிடம் கொடுக்க வேண்டும். றோசா தகப்பனின் பேரைக் கொடுப்பாள், தாயின் பேரைக் கொடுப்பாள். கணவரின் பேரைக் கொடுக்க மாட்டாள். உயிரோடு இருக்கிறவரின் பேரை அதில் எழுதினால் ஆயுசு குறையும் என்பது அவர்களிடையே ஒரு பயம். அவருக்காக அவள் தலவில் அன்னம்மாள் கோயிலில் வேண்டுவதெல்லாம் கடலில் போனவர் சுகமாகத் திரும்ப வேண்டும் என்றுதான்.

இந்த வருஷம் பேர் கொடுக்க வேண்டிய கடைசி வாரம் தொடங்கியிருந்தது.

நரகத்தை நாங்கள் முந்தைய கிழமைகளில் கேட்டு முடித்திருந்தோம். பூமிக்குள் இறங்க இறங்க ஒடுங்கிப் போகும் பெரிய கிடங்கு. ஒவ்வொரு வளையத்திலும் ஒவ்வொரு வகைப் பாவம். ஆகக் கடைசி அடியில் நெருப்பு இருக்கும் என்று நாங்கள் நினைத்திருக்க, ஐஸ் என்றாள் பிலோமினா. நம்பியவர்களுக்குத் துரோகம் செய்தவர்கள் கழுத்துவரை உறைந்து கிடக்கிறார்களாம்.

"அப்ப நம்மட மீன் பெட்டிதான்," என்றார் முத்தலிபு நானா. "யாவாரிமார ஆரயாச்சும் பாத்தாரா செல்லு, பேர் கேட்டு வை."

எல்லோரும் சிரித்தோம். ஆனால் பிறகு அவரே சொன்னார்: "ஐஸுக்குள்ள கைய வெச்சிட்டு நிண்டவனுக்குத்தான் தெரியும், அது சுடுறது. அந்த ஆளுக்கும் தெரிஞ்சீக்கி."

இன்னொரு கிழமை, கிடங்கின் வாசலுக்குப் பக்கத்தில், வேதனை இல்லாத ஒரு பச்சைப் புல்வெளியில், எங்கள் முஸ்லிம் அறிஞர்கள் இருவரையும் ஒரு சுல்தானையும் அவர் மரியாதையோடு நிறுத்தியிருக்கிறார் என்று பிலோமினா சொன்னாள். எங்களில் வேறு சிலரை அவர் வைத்த இடத்தை அவள் சொல்லாமல் தாண்டிப் போனாள். அது இரண்டு மார்க்கத்துக்கும் சண்டைக் காலம் என்றாள். நாங்களும் தோண்டிக் கேட்கவில்லை.

அன்று இரண்டாம் பாகத்தின் மலை வந்தது.

"நரகத்தில இருந்து ஒரு ஓட்டையால வெளிய வாறாங்க," என்றாள் பிலோமினா. "பாத்தா வெள்ளாப்பு நேரம், விடிஞ்சும் விடியாம. முன்னால கடல். தெற்குப் பக்கம் முழுக்கத் தண்ணிதானாம். நடுவில ஒரே ஒரு மலை."

"அது சரி," என்றார் முத்தலிபு நானா. "எங்கட இலங்கையத் தாண்டித் தெக்கால நேர போனா ஐஸ் வரைக்கும் தரை இல்ல. கப்பல்ல போனவன் செல்லீக்கான். அந்த ஆள் எப்பிடி அறிஞ்சாராம்? போனவரா?"

"போகல்ல நானா. யோசிச்சது."

"போய்ட்டு வந்தவனே இப்பிடிச் செல்ல மாட்டான்."

அந்த மலையின் அடியில் நாணல் முளைத்த ஒரு கரை. அந்தக் கரைக்கு ஒரு வள்ளம் வருகிறதாம். துடுப்பு இல்லை, பாய் இல்லை. பின்முனையில் வானதூதரான ஒரு சம்மனசு நின்று சிறகை விரித்திருக்கிறது, அதுதான் பாய். உள்ளே செத்தவர்கள் நிறைய. எல்லோரும் ஒரே குரலில் பாடிக்கொண்டு வருகிறார்கள்.

"எத்தின பேர்?" என்றார் முத்தலிபு நானா.

"நூறு பேருக்கு மேல எண்டு ரீச்சரம்மா சொன்னா."

"அவ்வளவு பேர ஏத்தினா வள்ளம் தாழுமே?"

"தாழல்லயாம். தண்ணியில ஒரு விரற்கடையும் இறங்கல்லயாம். அவங்களுக்குப் பாரம் இல்ல."

முத்தலிபு நானா கழுத்தை இன்னும் கொஞ்சம் உள்ளே நீட்டினார். வள்ளம் பற்றி யாராவது பிழையாகச் சொன்னால் அவருக்குப் பொறுக்காது. இதில் அவர் பிழை பிடிக்கவில்லை. "சுபஹானல்லாஹ்," என்றார், மெதுவாக.

பிலோமினா தொடர்ந்தாள். மலையின் கீழ்ப்பக்கத்தில் சாவு திடீரென்று வந்தவர்கள் இருக்கிறார்கள். சுவாமியைக் கூப்பிட நேரம் இல்லாமல், கடைசி மூச்சில் மட்டும் கடவுளை நினைத்தவர்கள். அந்த ஒரு நினைப்புக்காகவே அவர்களை நரகத்துக்கு விடவில்லை. கவிஞருக்கு நிழல் விழுவதைக் கண்டு, ஆள் உயிரோடு வந்தவர் என்று தெரிந்து, ஓடிவந்து சூழ்ந்து கொள்கிறார்கள். ஒவ்வொருவரும் கேட்பது ஒன்றையே. ஊருக்குப் போனால் என் வீட்டாரிடம் சொல்லுங்கள். எனக்காகச் செபிக்கச் சொல்லுங்கள். அவர்கள் செபித்தால் நான் சீக்கிரம் ஏறலாம்.

"பேர் சொல்ல வீட்டில ஆளில்லாட்டி?" என்றாள் றோசா.

போனில் ஏதோ பாத்திரம் வைக்கும் சத்தம் கேட்டது.

"காத்துக்கொண்டு இருப்பாங்களாம் அக்கா."

"வேதனையா?"

"இல்லயாம். கரை மாதிரித்தான். ஆனா வாசலுக்குள்ள போக ஏலாது."

"அவர் மூண்டு வருஷமா அந்தக் கரையிலயா நிக்கிறார்?" என்றாள் றோசா.

கேள்வியை யாரிடம் கேட்டாள் என்று தெரியவில்லை. முத்தலிபு நானாதான் எடுத்துக்கொண்டார்.

"இந்தா புள்ள. கதை நல்லாத்தான் ஈக்கி. அதுக்காக ஆள மௌத்தாக்கிப் போடாத. போன மாசமும் பேப்பர்ல பாத்தேன், எங்கயோ தீவில மூணு பேர் கரை ஒதுங்கி ஈக்காங்க. ஒனக்குக் கொண்டந்து காட்டினேனே."

"காட்டினீங்க."

"அதுக்கு முந்தியும் ஒண்டு காட்டினேன். இந்தியாவில மறியல்ல, ஜெயிலுக்குள்ள ஈக்காங்க எண்டு."

"அதுவும் காட்டினீங்க. நானா, ஒண்டு கேக்கிறன். ஸப்வானும் அந்த வள்ளத்திலதானே போனவன்?"

"ஓம்."

"அவனுக்குத் தொழுதிட்டீங்க. ஒரே வள்ளம், ஒரே காத்து. உங்கட ஆள் மௌத்து, என்ட ஆளுக்கு மட்டும் பேப்பரா?"

முற்றத்தில் கோழி ஒன்று கதிரைக் காலுக்கு இடையில் நுழைந்து போனது. முத்தலிபு நானா அதைத் துரத்தவில்லை. ஸப்வானுக்காக வரிசையில் நின்ற ஆண்களில் அவரும் ஒருவர். அன்று மாலை அவரே இந்த வாசலுக்கு வந்து, றோசாவிடம், உன்னுடையவர் நீச்சல்காரர், எங்காவது இருப்பார் என்று சொல்லிவிட்டுப் போனார். இரண்டையும் நாங்கள் எல்லோரும் பார்த்தோம். ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தவர் யாரும் இல்லை. தொழுகை எங்களுடைய காரியம், அவளுடையது வேறு என்று இருந்துவிட்டோம்.

"ஒனக்குச் செல்ல எனக்கு வாய் வரல்ல புள்ள," என்றார் கடைசியில். "பள்ளியில எண்டா இமாம் செல்வார், நாம பின்னால நிண்டாச் சரி. இங்க நாந்தானே செல்லணும்."

"அக்கா, நான் இத நிப்பாட்டவா?" என்றாள் பிலோமினா.

"நிப்பாட்டாத. அந்த மனுசர் கேட்டவங்கட கதைய ஊருக்குக் கொண்டுபோனவரா இல்லயா?"

"கொண்டுபோனதாலதானே இண்டைக்கு எங்களுக்குத் தெரியும்."

றோசா தலையை ஆட்டினாள். எங்கள் மார்க்கத்தில் அப்படி ஒரு மலை இல்லை. ஆனால் மௌத்தானவருக்காக இருக்கிறவர்கள் கேட்கும் துஆ போய்ச் சேரும் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. நரகத்தைப் பயங்கரமாகப் பாட எத்தனையோ பேரால் முடியும். இந்தக் கவிஞர் செத்தவருக்கும் வீட்டில் இருப்பவருக்கும் நடுவில் செய்வதற்கு ஒரு வேலையை வைத்திருக்கிறார். அழுவதைத் தவிர வேறு வேலை இல்லை என்று இருந்த ஒருத்திக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்பதை அன்று என் கண்ணால் கண்டேன்.

"அஸீஸாக்கா, பேப்பர் எடுங்க," என்றாள் றோசா. "மாமிக்குக் கடிதம் எழுதணும்."

சந்தியோகுவின் தாய் மன்னார்ப் பேசாலையில் இருக்கிறார். காது கேட்காது, அதனால் போன் பேச மாட்டார். றோசாவுக்காக நான் மாதம் ஒரு கடிதம் எழுதுவேன், அங்கே அவருடைய மங்கிய கண்ணுக்காகப் பக்கத்து வீட்டுப் பிள்ளை எழுத்தைப் பெரிதாக்கி எழுதிக் காட்டும். உடம்பைக் காணாமல் பேர் கொடுக்காதே என்று றோசாவிடம் வாக்கு வாங்கியவர் அவர்தான். அவருடைய மூத்த மகன் சூசை யுத்தத்தின் கடைசியில் காணாமல் போனவன். அவன் பேரையும் அவர் இன்றுவரை எந்தக் கோயிலிலும் கொடுக்கவில்லை.

"கேட்டு எழுது," என்றார் முத்தலிபு நானா. "மறுமொழி வரட்டும்."

"மறுமொழி வர முந்தி கார்த்திகை வந்திடும்."

நான் திகதி போட்டேன். அன்புள்ள மாமிக்கு என்று எழுதினேன். அடுத்ததாக, தாங்கள் நலமா என்று தொடங்கினேன். என் ஒழுங்கு அது.

"சுகம் விசாரிக்கிறத கடைசியில எழுதுங்கக்கா," என்றாள். "மனுசி அதை வாசிக்கிறதுக்குள்ள எனக்குத் தைரியம் போயிடும்."

"கடிதம் எழுதுறது நான்தானே. உனக்கு ஏன் தைரியம் போகுது?"

"உங்களுக்கென்ன, நீங்க கையெழுத்து வைக்கப் போறதில்லயே."

வேறு தாள் எடுத்தேன். அவள் சொல்லச் சொல்ல எழுதினேன். நான் திருத்தியது குறைவு.

மாமி, சந்தியோகுவின் பேரை இந்த வருஷம் ஆத்துமாக்களின் பூசைக்குக் கொடுக்கிறேன். உங்களைக் கேட்காமல் கொடுக்க மாட்டேன் என்று சொல்லியிருந்தேன். இப்போது கேட்கவில்லை, சொல்கிறேன். உங்களுக்குக் கோபம் வந்தால் என்னோடு கோபியுங்கள். அவர் உயிரோடு இருந்தால் ஒரு பூசையால் அவருக்கு ஒரு தீமையும் வராது. வந்து நின்று என்னை ஏசட்டும், நான் கேட்டுக்கொள்வேன். இல்லை என்றால் மூன்று வருஷமாக அவர் ஒரு கரையில் நின்று நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். பிலோமினா சொன்னாள், தெற்குக் கடலில் ஒரு மலை இருக்கிறதாம்.

இந்த இடத்தில் அவள் மலையையும் வள்ளத்தையும் சொல்லத் தொடங்கினாள். துடுப்பில்லாமல் வருவதை, பாடிக்கொண்டு வருவதை. நாணலை மறந்துவிட்டாள், போனுக்குள்ளிருந்து பிலோமினா எடுத்துக் கொடுத்தாள். வள்ளம் தாழவில்லை என்பதை எழுதச் சொன்னவர் முத்தலிபு நானா. "அத உடாத. அவங்க பேசால ஆக்கள், கடல்காரங்க, கேப்பாங்க."

அது ஒரு முழுப் பக்கம் வந்தது. றோசா பாயிலிருந்து எழுந்து வந்து தாளைப் பார்த்தாள்.

"இன்னும் ஒண்டு," என்றாள்.

பெரியவர் சூசையின் பேரை நான் கொடுக்கவில்லை மாமி. அவர் உங்கள் பிள்ளை, அதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். கார்த்திகை மாதம் முழுக்க வாசிப்பார்கள், பிந்திச் சொன்னாலும் சுவாமியிடம் கெஞ்சிச் சேர்ப்பிப்பேன். சந்தியோகுவின் பேருக்கு மேலே ஒரு வரி இடம் விட்டுக் கொடுக்கிறேன். மூத்தவர் முன்னால் வர வேண்டும்.

முத்தலிபு நானா எழுந்து, கதிரையைத் தூக்கிக்கொண்டு, சுவரோரமாகப் போய் எங்களுக்கு முதுகு காட்டி நின்றார்.

நலம் விசாரிப்பை நான் கடைசியில் எழுதினேன். கால் வீக்கம் எப்படி, மருந்து எடுக்கிறீர்களா, மழை தொடங்கிவிட்டதா. வாசித்துக் காட்டினேன். றோசா ஒரு சொல்லையும் மாற்றச் சொல்லவில்லை. தன் பேரைத் தானே எழுதிக் கையெழுத்து வைத்தாள்.

மறுநாள் காலையில் பஸ் ஸ்ரான்டில் சந்தித்தோம். ஒரு கையில் கோயிலுக்கான பேர்த்தாள், மறு கையில் கடிதம்.

"முதல்ல சுவாமிட்டப் போவமா, தபால் கந்தோருக்கா?" என்றேன்.

"தபால் கந்தோருக்கு. மாமிக்குத் தெரியாம ஒரு நிமிசமும் அவர் பேர் அங்க இருக்கப்படாது."

பதிவுத் தபால் என்று எழுதிக் கொடுத்தேன். றோசா உறையின் ஓரத்தைக் கோந்தால் ஒட்டி, உள்ளங்கையால் அழுத்தித் தேய்த்தாள், பிறகு இன்னொரு முறை தேய்த்தாள். கந்தோர்க்காரர் தராசில் வைத்துப் பார்த்து, முத்திரை ஒட்டி, இரண்டு தடவை குத்தி, மன்னார்ப் பையைத் திறந்து உள்ளே போட்டார்.